கோலாவும் குவார்ட்டரும்: கல்லீரல் பிடிக்கும் கடிவாளம்

“நாள் முழுக்கக் குளிர்பானம் குடிப்பவர்கள்தான் மதுவும் அதிகம் குடிக்கிறார்களா? இல்லை, ஒன்று இருந்தால் இன்னொன்று தேவைப்படாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நாக்கு, மூளை, டோபமின் என்று வழக்கமான பதிலைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் கல்லீரல்.

சர்க்கரை குடலில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரிவது பள்ளிப் பாடம். குளுக்கோஸை எல்லாச் செல்களும் எரிக்கும். ஃப்ரக்டோஸின் பெரும்பங்கு கல்லீரல் தலையில் விழும். மதுவும் அப்படியே. இரண்டுமே அளவு மீறினால் அங்கே கொழுப்பாகப் படியும்.

கல்லீரல் இதைச் சும்மா தாங்கிக்கொண்டிருப்பதில்லை. எஃப்ஜிஎஃப்21 என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. 75 கிராம் ஃப்ரக்டோஸ் கரைத்துக் குடித்தவர்களுக்கு 2 மணி நேரத்தில் இது சராசரியாக 3 மடங்குக்கு மேல் ஏறியது. (அவ்வளவு ஃப்ரக்டோஸ் கோலாவில் கிடைக்க ஒன்றரை லிட்டர் போலக் குடிக்கவேண்டும்.) மதுவுக்கும் ஏறுகிறது. மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் விழாவில் நாள்கணக்கில் பீர் குடித்தவர்களிடம்கூட அளந்து பார்த்துவிட்டார்கள். தன்னார்வலர் கிடைக்கத் திண்டாடியிருக்க மாட்டார்கள்!

ரத்தத்தில் ஏறிய ஹார்மோன் மூளைக்குப் போகிறது. இங்கேதான் அழகு. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டுமே, அதுபோல இந்த ஹார்மோன் வேலை செய்யச் செல்லின் மேல் இரண்டு புரதங்கள் சேர்ந்து இருக்கவேண்டும். முதல் புரதம் உடம்பில் பரவலாக உண்டு. பீட்டா-க்ளோத்தோ என்ற இரண்டாவது சில இடங்களில் மட்டும்தான். ஆக, ஊரெல்லாம் சுற்றும் ஹார்மோன் குறிப்பிட்ட நரம்பணுக்களிடம் மட்டும் பேசுகிறது: “போதும், நிறுத்து.” எலிகளுக்கு இந்த ஹார்மோனைக் கொடுத்தால் இனிப்பு நீரையும் குறைத்துக்கொள்கின்றன, மதுவையும் குறைத்துக்கொள்கின்றன. மூளையில் மட்டும் பீட்டா-க்ளோத்தோவை நீக்கிவிட்டால் மதுவைக் குறைக்கும் அந்த விளைவு காணாமல் போகிறது. கல்லீரல் இருக்கிறது, ஹார்மோன் இருக்கிறது, கேட்க ஆளில்லை.

கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸில் வெர்வெட் குரங்குகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவற்றின் வாரிசுகள். கரும்புத் தோட்டங்களில் புளித்துக் கிடந்த கரும்பைத் தின்று மது ருசி கண்டன என்பார்கள். 2022இல் வெளியான ஆய்வில், மதுவை விரும்பிக் குடிக்கும் வெர்வெட்டுகளுக்கு, நீண்ட நேரம் நிலைக்கும்படி மாற்றிய எஃப்ஜிஎஃப்21ஐச் செலுத்தினார்கள். குடி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

சரி, மனிதர்கள்? 2016இல் 1,05,000க்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, குடிக்கும் அளவோடு தொடர்புடையதாகச் சிக்கியது பீட்டா-க்ளோத்தோவின் மரபணுதான். மறு ஆண்டு டென்மார்க்கில், எஃப்ஜிஎஃப்21 மரபணுவின் ஒரு வகையைக் கொண்டவர்கள் மிட்டாய் அதிகம் தின்பது தெரிந்தது. அவர்களிடம் மதுப் பக்கமும் லேசான சாய்வு. தனி ஒருவரிடம் இந்த வித்தியாசம் மிகச் சிறியது. பழக்கம், காசு, கூட்டாளிகள் எல்லாம் இதைவிடப் பெரியவை. ஆகவே வாசகரே, இரண்டு ஆசைகளுக்கும் ஒரு பொதுக் கடிவாளம் இருக்கிறது. அதற்காகக் கோலா குடித்தவர் குடிகாரர் ஆவார் என்று சொல்ல முடியாது. கோலா குடித்துக் குடியை விடவும் முடியாது. இயற்கையாக ஏறும் ஹார்மோன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

அந்த லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மவர்களிடம் இதே ஆய்வைப் பெரிய அளவில் செய்ய, மது விற்ற வருமானத்தில் துளி ஒதுக்கினாலே போதும் என்பது என் கட்சி. நம் ஊர்ச் சுவர்களிலோ, ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்ற மருந்து விளம்பரங்கள்தான் நிறைந்திருக்கின்றன. எஃப்ஜிஎஃப்21 ஒரு புரதம். சாம்பாரில் கலந்தால் வயிறு அதையும் பருப்போடு சேர்த்துச் செரித்துவிடும். ஊசியாகத்தான் ஏற்றவேண்டும், அதை ஆளுக்குத் தெரியாமல் போட வழியில்லை.