சுறா பழுதானபோது நடந்தது என்ன?

1974-இல் 'ஜாஸ்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு 27 வயது. கதையே ஒரு சுறாவைப் பற்றியது. அதற்காகச் செய்த இயந்திரச் சுறாவோ உப்புத்தண்ணீர் பட்டதும் அடிக்கடி படுத்துவிட்டது. 55 நாள் என்று போட்ட ஷூட்டிங் 159 நாள் இழுத்தது. வேறு வழியில்லாமல் கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினார்கள். சுறாவின் உடம்பில் குத்திய ஈட்டியோடு சேர்ந்து போகும் மஞ்சள் பீப்பாய்களை மட்டும் காட்டினார்கள். மிச்சத்தை இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள் பார்த்துக்கொண்டன. பார்ப்பவர் மனதுக்குள் நீந்திய சுறா, பொம்மையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

நெருக்கடி வந்தால் கற்பனை பிறக்கும் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் 1942-இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனை வேறொன்றைக் காட்டுகிறது.

21, 127, 3 என்ற அளவுகளில் மூன்று ஜாடிகள். சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். 127-ஐ நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒரு தடவையும் 3-ஐ இரண்டு தடவையும் ஊற்றி எடுத்தால் 100 நிற்கும். இதே சூத்திரத்தில் விடை வரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்தார். அப்புறம் 23, 49, 3 கொடுத்து 20 கேட்டார். பழைய சூத்திரத்திலும் விடை வரும். ஆனால் 23-இலிருந்து 3-ஐ எடுத்தாலே போதும். பழகியவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுற்றுவழியிலேயே போனார்கள். முந்தைய கணக்குகளைப் பார்க்காதவர்களுக்கோ நேர்வழி சட்டென்று தெரிந்தது. அடுத்தது 28, 76, 3, வேண்டியது 25. இங்கே பழைய சூத்திரம் 42-இல் கொண்டுபோய் விடும். நேர்வழி கண்முன்னே இருந்தும் பலர் திணறி நின்றார்கள்.

ஒருமுறை பலித்த விடை முதலில் ஓடிவந்து மற்றதை மறைக்கிறது. சதுரங்க வல்லுநர்களின் கண் அசைவை 2008-இல் பதிவுசெய்தபோதும் இதுதான் தெரிந்தது. வேறு நகர்த்தலைத் தேடுவதாக அவர்கள் சொன்னார்கள். கண்ணோ பழக்கமான விடைக்குரிய கட்டங்களையே சுற்றியது. வெற்றி ஒரு இயக்குநரைக் கெடுப்பதில் பாதி இதுதான். தலைக்கனம் என்று திட்டுவது எளிது, ஆனால் காரணம் அவ்வளவு கேவலமானதல்ல.

மறுபாதி வெளியே நடக்கிறது. ஹிட் கொடுத்தவரிடம் "இது வேண்டாம்" என்று சொல்ல ஆள் இருக்காது. 'தி டீர் ஹன்டர்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய மைக்கேல் சிமினோவின் அடுத்த படம் 'ஹெவன்ஸ் கேட்', 1980. சுமார் 1.2 கோடி டாலர் பட்ஜெட் 4 கோடியைத் தாண்டியது. படம் படுத்தது, தயாரித்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அடுத்த ஆண்டே கைமாறியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அசாதாரணமான வெற்றியில் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். அடுத்த முறை அதிர்ஷ்டம் சராசரிக்கு இறங்கினால், இயக்குநர் எதையும் மாற்றாவிட்டாலும் படம் கீழேதான் தெரியும். "ஹிட்டுக்கு அப்புறம் கெட்டுப்போனார்" என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு வெறும் புள்ளியியல்தான் என்பது என் எண்ணம்.

சரி, லூச்சின்ஸின் கடைசிக் கணக்கில் பழைய வழி அடைபட்டும் பலருக்குப் புதுவழி தெரியவில்லையே, ஸ்பீல்பெர்க்குக்கு எப்படித் தெரிந்தது? அவருக்கு உடைந்தது கருவி மட்டும்தான். நேரம் நீண்டுகொண்டே போனது. சுறா பழுதாகிக் கிடந்த நாட்களில் கார்ல் காட்லீப் திரைக்கதையைத் திருத்திக்கொண்டிருந்தார். கருவி, ஆள், நேரம் மூன்றையும் ஒன்றாகப் பறித்திருந்தால் கைக்குக் கிடைத்த முதல் யோசனையோடுதான் படம் முடிந்திருக்கும். தயாரிப்பாளர்கள் வழக்கமாக முதலில் கைவைப்பது அந்த நேரத்தின்மேல்தான்!

அதே ஸ்பீல்பெர்க் வெற்றிக்குப் பின் தாராளமாகச் செலவழித்து எடுத்த '1941' படம் விமர்சகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. அடுத்து ஜார்ஜ் லூகாஸின் தயாரிப்பில், கறாரான ஷெட்யூலில் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' எடுத்தார். துனிசியாவில் ஹாரிசன் ஃபோர்டுக்கு வயிற்றுப்போக்கு. சாட்டைக்கும் வாளுக்கும் நடக்கவேண்டிய நீண்ட சண்டையை எடுக்கத் தெம்பில்லை. நாயகன் சலிப்போடு துப்பாக்கியை எடுத்து வாள்காரனைச் சுட்டுவிட்டுப் போகிறான். படத்தில் அதிகம் சிரிக்கவைத்த ஷாட்களில் அதுவும் ஒன்று.

இந்த மாதிரிக் கதைகள் நம் காதுக்கு வருவதே படம் ஜெயித்ததால்தான். இதே நெருக்கடியில் பாதியில் நின்றுபோன படங்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை.