நிறமெல்லாம் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியாது

“போன்ல வீடியோ பாத்தே எல்லா கலரும் சொல்லுவான் மேடம். ஏ பி சி டி முழுசா வரும். ஆனா தண்ணி வேணும்னா கேக்க மாட்டேங்கிறான்.”

பேச்சுப் பயிற்சியாளரான நான் இதைப் பல பெற்றோரிடம், பல விதமாகக் கேட்டிருக்கிறேன். இந்தப் பையனுக்கு இரண்டேமுக்கால் வயது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தண்ணீர் பாட்டில் மேல் வைத்தான். அவர் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அவர் மூடியைத் திறந்து கொடுத்தார். குடித்தான், போய்விட்டான்.

நிறங்களின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒப்பித்தல். கேட்பது, வேண்டாம் என்பது, கூப்பிடுவது, ‘அதோ பார்’ என்று விரல் நீட்டுவது, இதெல்லாம்தான் பேச்சு. ஒரு வயதை ஒட்டி விரல் நீட்டத் தொடங்கும் குழந்தை, இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். எதிரில் இருப்பவர் பதில் தருவார் என்று தெரிந்துதான் அது முயன்று பார்க்கிறது. வீடியோவுக்கு அந்தக் கவலை கிடையாது. குழந்தை சிரித்தாலும் அழுதாலும் அது பாட்டுக்கு ஓடும்.

அமெரிக்காவில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள், கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. ஆனால் தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை நான் தடுப்பதில்லை. அங்கே குழந்தை கையாட்டினால் பாட்டியும் கையாட்டுகிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பேச்சு தாமதமாகும் எல்லாக் குழந்தைக்கும் போன்தான் காரணம் என்பது தவறு. முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும், பிறகு முழு வளர்ச்சி மதிப்பீடு. போனை ஒளித்து வைத்துவிட்டு, ‘தானா பேசிடுவான்’ என்று மாதக்கணக்கில் காத்திருந்து, கேட்புக் குறைபாடு இருந்ததைப் பிறகு அறிந்த பெற்றோர் என் முன் அழுதிருக்கிறார்கள். இந்தப் பையனுக்கு இரண்டையும் செய்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்கினோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த வழிகாட்டுதல் எளிமையானது: 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டவேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. இதைச் சொன்னதும் அப்பாக்கள் கேட்பார்கள்: “நாளைக்கு வேலையெல்லாம் கம்ப்யூட்டர்லதானே மேடம்? இப்பவே பழகட்டுமே.”

பயம் நியாயமானது. ஆனால் திரையைத் தள்ளத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை, இரண்டு வயதுக் குழந்தையே தள்ளுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு, என்ன வேண்டும் என்று சொன்னாலே இயந்திரம் கட்டுரை எழுதித் தருகிறது. அப்படியானால் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும், வந்த பதில் சரியில்லை என்றால் மறுத்துக் கேட்கவும் தெரியவேண்டும். நேர்காணலில் வாய் திறக்கவில்லை என்று என்னிடம் வரும் இளைஞர்களும் உண்டு. எழுதிக் கொண்டுவரும் பதில்கள் அழகாக இருக்கும். நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டால் நின்றுவிடுவார்கள். ‘நீ ஒண்ணு, நான் ஒண்ணு’ என்று மாறி மாறிப் பேசும் பழக்கத்தைச் சிறு வயதிலேயே ஊட்டிவிட ஆசைப்படுகிறேன்.

அந்தப் பையனுக்கு நான் எடுத்தது சோப்புக் குமிழி டப்பா. ஒரு முறை ஊதினேன். குதித்துக் குதித்து உடைத்தான். மூடியை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். அம்மா, “ஊதுங்கன்னு சொல்லு, சொல்லு” என்று தொடங்கினார். கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினேன். பெற்றோருக்கு இந்தப் பத்து நொடிதான் மிகக் கடினம். பையன் டப்பாவைப் பார்த்தான். என் கையைப் பிடித்து இழுத்தான், நான் அசையவில்லை. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, உதட்டைக் குவித்து, “ஊ” என்றான். உடனே ஊதினேன்.

அடுத்த வாரம் அம்மா வந்ததும் வராததுமாகச் சொன்னார்: “பாலை ஆத்தக் கொஞ்சம் நேரமாயிடுச்சு மேடம். டம்ளரைக் காட்டி, என்னைப் பாத்து, ‘ம்மா, ஊ’ன்னான்.”