கருத்தடைச் சட்டம் யார் வாசலில் நிற்க வேண்டும்?

நான் கால்நடை மருத்துவர். நாய்களுக்கும் பூனைகளுக்கும் கருத்தடை அறுவை செய்வது என் வேலையில் பெரும்பகுதி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் அதை ஒட்டிய உம்லாசியிலிருந்தும் வரும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவை என்று சொந்தக்காரர்களிடம் நானே வற்புறுத்துகிறேன். ஆனாலும், குறிப்பிட்ட வயதுக்குள் எல்லா நாய்க்கும் கருத்தடை செய்தே தீர வேண்டும் என்று சட்டம் போடுவதை நான் ஏற்கவில்லை. இதைச் சொன்ன மாத்திரத்தில், இன நாய்களைப் பெருக்கி விற்பவர்கள் என்னைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்திலும் நான் இல்லை. ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இந்த விவாதம் பழையது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2007இல் ஏபி 1634 என்ற மசோதா வந்தது. நாய், பூனைகளுக்குச் சிறு வயதிலேயே கருத்தடையைக் கட்டாயமாக்க முயன்ற அந்த மசோதா கீழவையைத் தாண்டியது, மேலவையில் நிறைவேறவில்லை. இன நாய்களின் வம்சாவளியைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பும், நாய்களைப் பெருக்கி விற்கும் இனவிருத்தியாளர்களும் முழு மூச்சாக எதிர்த்தார்கள். 2008இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரம், நான்கு மாத வயதுக்குள் கருத்தடை செய்ய வேண்டும் என்று தன் அளவில் விதி செய்தது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் மாநகராட்சி 2021இல் கொண்டுவந்த விலங்கு வளர்ப்புத் துணைவிதியும் பதிவையும் கருத்தடையையும் சேர்த்தே பேசுகிறது. அதிலிருந்து, டர்பன் இருக்கும் எங்கள் குவாசுலு நட்டால் மாகாணத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தெருவில் குட்டிகள் செத்துக் கிடப்பதைப் பார்த்து மனம் நொந்துதான் கேட்கிறார்கள். அந்த நோவு எனக்கும் உண்டு.

இனவிருத்தியாளர்கள் சொல்வதில் எது உண்மை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லா நாய்க்கும் ஒரே வயது பொருந்தாது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் உரிய காலத்தில் மூடுவதற்குப் பாலின ஹார்மோன்களும் வேண்டும். அவற்றை மிக முன்பாகவே நீக்கிவிட்டால் பெரிய நாய்களின் கால் எலும்புகள் அளவுக்கு மீறி நீளும். மூட்டின் கணக்கு பிசகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2016இல் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், கருத்தடை செய்யாத கடுவன் நாய்களில் 7 சதவீதத்துக்கு மூட்டுக் கோளாறு இருந்தது. ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்தவற்றில் அது 21 சதவீதம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு காவலுக்கு நிற்பது ஜெர்மன் ஷெப்பர்டும், போர்போல் என்ற தென்னாப்பிரிக்கப் பெரிய காவல் நாயும், அவற்றின் கலப்பும்தான் என்பதால் இந்தக் கணக்கை நான் அலட்சியப்படுத்த முடியாது. அதே குழுவினர் 2020இல் 35 இனங்களை ஆராய்ந்தபோது, சிறிய இனங்களில் மூட்டுக் கோளாறு அப்படிக் கூடவில்லை. ஆகவே நான்கு மாதம், ஆறு மாதம் என்று ஒரே கோடு கிழிக்கும் சட்டம் மருத்துவத்துக்குப் பொருந்தாத சட்டம். பெரிய பெட்டை நாய்களில் சிலவற்றுக்கு அறுவைக்குப் பிறகு சிறுநீர் அடக்க முடியாமல் போவதும் உண்மை.

ஆனால் இந்த உண்மையின் மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. கருத்தடை செய்யாத பெட்டை நாயின் கருப்பையில் சீழ் கட்டும். ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டை நாய்க்கு இந்நோய் வருவதைக் காட்டியது. பருவம் முடிந்து சில வாரங்களில் நாய் சோர்ந்து படுக்கும், தண்ணீரை மட்டும் நிறையக் குடிக்கும், பின்புறம் துர்நாற்றத்தோடு கசியும். சில நாய்களில் கசிவே இருக்காது, அதுதான் இன்னும் ஆபத்து. 'வயதாகிவிட்டது, அதனால் சாப்பிடவில்லை' என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வரும்போது சிறுநீரகமும் கெட்டிருக்கும். நல்ல உடல்நிலையில் இளம் வயதில் செய்திருந்தால் அமைதியாக முடிந்திருக்கும் அறுவையை, உயிர் ஊசலாடும் நாய்க்குச் செய்ய வேண்டியிருக்கும். இதோடு மடிக்கட்டிகள், தெருவில் கூடித் திரியும் நாய்களிடம் இணைசேரும்போது பரவும் புற்றுக்கட்டி. இவையெல்லாம் எங்கள் மேசைக்கு வழக்கமாக வருபவை.

நார்வேயைப் பாருங்கள் என்பார்கள். அங்கே தகுந்த காரணமின்றி நாய்க்குக் கருத்தடை செய்யச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆனாலும் தெருநாய்த் தொல்லை இல்லை. சரிதான். ஆனால் அங்கே நாய் கயிறும் ஆளும் இல்லாமல் தெருவுக்கு வராது. நம் பக்கத்தில் இரும்புக் கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் போதும். அதே நார்வேயின் உச்ச நீதிமன்றம், கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இனத்தை இப்போதைய முறையில் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று 2023இல் தீர்ப்பளித்ததை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அறுவை இயற்கைக்கு விரோதம் என்ற பேச்சும் அப்படித்தான். பிரிட்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் புல்டாக் ஈற்றுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன். தானாகக் குட்டி போட முடியாத உடலை உருவாக்கி விற்பவர் இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

சட்டத்தை நான் எதிர்ப்பதற்கு முதன்மைக் காரணம் மூட்டுகூட இல்லை, ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய். தென்னாப்பிரிக்காவில் நாய், பூனைகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் மூன்று மாத வயதில் முதல் ஊசி, அடுத்த ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. சட்டம் இத்தனை காலமாக இருந்தும் குவாசுலு நட்டாலில் நாய்களிடம் ரேபிஸ் ஒழியவில்லை. 2021இல் இங்கும் கிழக்குக் கேப்பிலும் அது மீண்டும் தலைதூக்கியபோது மனிதர்கள் இறந்தார்கள், குழந்தைகளும் இறந்தார்கள். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து இல்லை. நோயை அடக்கி வைப்பது, அரசு கால்நடைத் துறையினர் தெருமுனையில் மேசை போட்டு இலவசமாக ஊசி குத்தும் முகாம்கள்தான்.

அப்படி ஒரு முகாமில் ஒரு தாத்தா கடுவன் நாயை மட்டும் கூட்டி வந்திருந்தார். வீட்டில் வேறு நாய் உண்டா என்று கேட்டேன். தயங்கினார். பிறகு, குட்டி போட்ட பெட்டை ஒன்று இருக்கிறது, கருத்தடை செய்யாததற்கு அபராதம் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், அதனால் கொண்டுவரவில்லை என்றார். அப்படி ஓர் அபராதம் இங்கே அப்போது இல்லை. வெறும் வதந்தியே அந்தத் தாய் நாயையும் அதன் குட்டிகளையும் ஊசிக்கு எட்டாமல் நிறுத்தியிருந்தது. ஊசிகளை எடுத்துக்கொண்டு அவரோடு வீடு வரை நடந்தோம். உண்மையாகவே சட்டம் வந்தால் எத்தனை நாய்கள் பின்கட்டில் ஒளிந்துகொள்ளும் என்று யோசியுங்கள். கருத்தடையை ஊக்குவிக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே, தனியார் வளர்க்கும் நாய்களுக்கு அதைச் சட்டத்தால் கட்டாயமாக்குவதை ஆதரிக்கவில்லை. உரிமம், ரேபிஸ் ஊசி, சிகிச்சை எல்லாவற்றையும் மக்கள் தவிர்க்கத் தொடங்குவார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. நான் முகாமில் பார்த்ததும் அதுதான்.

பணமும் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஒரு பெரிய பெட்டை நாய்க்கு ஆகும் அறுவைச் செலவு, முதியோர் உதவித்தொகையில் வாழ்பவரின் ஒரு மாத வருமானத்தை ஏறக்குறைய விழுங்கிவிடும். அவரிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டுவது கொடுமை. நடமாடும் அறுவை வண்டி வாசலுக்கு வந்தால் அவரே நாயைத் தூக்கிக் கொடுப்பார். காவல் குணம் போய்விடும் என்ற பயம் ஒன்று உண்டு. அதற்கு அடிப்படை இல்லை. வீட்டைக் காக்கும் பழக்கம் விரையில் இருந்து வருவதில்லை.

இனி, எனக்குக் கோபம் வரும் இடம். கட்டாயச் சட்டம் பேசப்படும் இடமெல்லாம் இனவிருத்தியாளர்கள் முதலில் கேட்பது விலக்கு: பதிவுச் சான்றுள்ள நாய்களை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றவற்றுக்குச் செய்துகொள்ளுங்கள். 1891இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க கென்னல் யூனியனின் சான்று, தாய் தந்தை யார் என்று சொல்லும். குட்டியின் இடுப்பு நன்றாக இருக்கிறதா என்பதை அந்தக் காகிதம் உறுதிசெய்யாது. அதோடு அந்த விலக்கு யாரை அழிக்கும் தெரியுமா? ஆப்பிரிக்கானிஸ் என்று அழைக்கப்படும் இந்த மண்ணின் நாயை. சுலு கிராமங்களில் மாட்டோடும் வேட்டையோடும் நூற்றாண்டுகளாக வாழ்ந்து, யாரும் வடிவமைக்காமல் வெயிலும் உண்ணியும் பசியும் தேர்ந்தெடுத்த உடல் அது. என் மேசைக்கு வரும் நாய்களில் மிகத் திடமானவை அவைதான். பெரும்பாலானவற்றுக்குக் காகிதம் இல்லை. காகிதமுள்ள புல்டாக் பெருகலாம், காகிதமில்லாத ஆப்பிரிக்கானிஸ் பெருகக் கூடாது என்று எழுதும் சட்டத்தை நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்கள் கிராமத்து முற்றங்களில்தான் பிழைத்து வந்தன என்பதை அறிந்த தமிழர்களுக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

என் கருத்து இதுதான்: சட்டம் நிற்க வேண்டிய இடம், நாயை வளர்ப்பவரின் வாசல் அன்று, குட்டியை விற்பவரின் வாசல். குட்டி போட வைத்து விற்கும் ஒவ்வொருவரும், சான்றுள்ளவரானாலும் பின்கட்டில் பிட் புல் குட்டிகளைப் போட வைப்பவரானாலும், பதிவுசெய்ய வேண்டும். குட்டி கைமாறும் முன், அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பை அதன் தோலுக்கடியில் பொருத்தி, அந்த எண்ணின் பதிவில் விற்பவரின் பெயரும் நிற்க வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது. போக்குவரத்து விளக்கில் நின்று, கண் சரியாகத் திறக்காத குட்டிகளைக் கார் சன்னலுக்குள் நீட்டுபவரைப் பிடிக்க வேண்டும். அந்தக் குட்டிகளில் பலவற்றை ஒரு வாரத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் கொண்டுபோகிறது. விற்ற நாய் எந்த வயதில் வேண்டாம் என்று திருப்பி விடப்பட்டாலும் முதலில் ஏற்க வேண்டியவர் அதைப் பிறக்க வைத்தவரே. 2022இல் பிட் புல் நாய்கள் கடித்துக் குழந்தைகள் இறந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, பயந்த மக்கள் நாய்களை விலங்குக் காப்பகங்களில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நாய்களை விற்றுக் காசு பார்த்தவர்கள் அந்த வரிசையில் வந்து நிற்கவில்லை. ஊசி போட்டு அவற்றின் உயிரை முடித்துவைக்கும் வேலை எங்களைப் போன்றவர்கள் கைக்கு வந்தது.

நல்ல இனவிருத்தியாளர்களை எனக்குத் தெரியும். இடுப்பு எக்ஸ்ரே எடுக்காமல் இணைசேர்க்க மாட்டார்கள். ஒரு பெட்டைக்கு இத்தனை ஈற்றுக்கு மேல் இல்லை என்று நிறுத்துவார்கள். விற்ற குட்டி எங்கே இருக்கிறது என்று ஆண்டுகள் கழித்தும் சொல்வார்கள். மேலே சொன்ன விதிகளால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கட்டாயக் கருத்தடைக்கு எதிராக அவர்கள் கையெழுத்துக் கேட்டு வரும்போது, இந்தப் பொறுப்புகளையும் அதே மனுவில் எழுதிக் கொண்டுவாருங்கள், போடுகிறேன் என்கிறேன். சிலர் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்கு: சிறிய இனப் பெட்டை நாய் என்றால் ஆறு மாதம் அளவில், முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடையைப் பற்றிப் பேசுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், போர்போல் போன்றவற்றுக்கு எலும்பு முதிரும் வரை காத்திருக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். காத்திருப்பதாக முடிவு செய்தால், பருவம் வரும் மூன்று வாரமும் நாயைக் கதவுக்குள் அடைத்து வைக்க உங்களால் முடியுமா என்பதை நேர்மையாக எண்ணிப் பாருங்கள். முடியாது என்றால் தாமதிக்க வேண்டாம். குட்டி வாங்கப் போனால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். தீபாவளியும், நவம்பர் 5இல் வெடி வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவும் நெருங்கி வரும் நாட்களில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு மதில் தாண்டும் நாய்கள் ஏராளம். அதற்கு முன்பே மைக்ரோசிப் பொருத்திவிடுங்கள். ஏற்கெனவே பொருத்தியிருந்தால், பதிவில் இருப்பது இப்போது நீங்கள் பயன்படுத்தும் தொலைபேசி எண்தானா என்று பாருங்கள்.