வினாத்தாளுக்கே தேர்வு வைப்பவர்கள்

தேர்வு எழுதுபவரைத் தெரியும், வினாத்தாள் தயாரிப்பவரைத் தெரியும், விடைத்தாள் திருத்துபவரைத் தெரியும். அந்த வினாத்தாள் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு தொழில் உண்டு என்றால் பெற்றோர் பலரும் நம்புவதில்லை. நான் பார்ப்பது அந்த வேலைதான். கல்வி அளவீடு என்று சொன்னதும் "பி.எட். மாதிரியா?" என்பார்கள். இல்லை, முக்கால்வாசி புள்ளியியல்.

அமெரிக்காவில் இந்தத் துறைக்கு 1938-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. கல்வி அளவீட்டுக்கான தேசியக் குழுமம், சுருக்கமாக என்சிஎம்இ. அது வழங்கும் விருதுகளில் இளம் ஆய்வாளருக்கானது ஜேசன் மில்மன் விருது. மில்மன் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். ஆய்வு வாழ்க்கையின் தொடக்கத்திலேயே, நடைமுறை அளவீட்டுக்குப் பெரிதாக ஏதாவது செய்வார் என்ற நம்பிக்கையைத் தரும் ஒருவருக்கு அது போகிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தனியாக பிரெண்டா லாயிட் பெயரில் இன்னொரு விருது உண்டு.

பரீட்சையை ஆராய்வதற்கெல்லாம் விருதா என்று கேட்பவர்களுக்கு எங்கள் அன்றாட வேலையில் ஒரு துளியைக் காட்டுகிறேன்.

தேர்வு முடிந்ததும் மாணவர்களை மொத்த மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, மேலே 27 சதவீதத்தையும் கீழே 27 சதவீதத்தையும் பிரித்தெடுப்பது பழைய முறை. 1939-இல் ட்ரூமன் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் போட்டுக் கொடுத்த கணக்கு அது. நல்ல வினா என்றால் மேல் குழுவில் அதிகம் பேர் சரியாக எழுதியிருப்பார்கள். எப்போதாவது ஒரு வினாவில் இது தலைகீழாக இருக்கும். அப்போது மாணவரைச் சந்தேகிப்பதற்கு முன் விடைக்குறிப்பை எடுத்துப் பார்ப்போம். பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருக்கும். இன்னொரு வகை கொஞ்சம் நுட்பமானது. கீழ்க்குழு நான்கு விடைகளிலும் சிதறிக் கிடக்க, மேல்குழு மட்டும் இரண்டே விடைகளில் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்து நிற்கும். நன்றாகப் படித்தவர்களே இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள் என்றால், அந்த இரண்டுக்கும் வாதாட இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

2024 நீட் இயற்பியலில் அணு பற்றிய ஒரு வினாவில் நடந்த தகராறை நினைத்துப் பாருங்கள். பழைய பாடநூலில் ஒரு மாதிரியும் புதிய பாடநூலில் வேறு மாதிரியும் இருந்ததால் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். முதலில் 720-க்கு 720 என்று வந்த 67 பேரில் 44 பேருக்கு அது கிடைத்தது இந்த ஒரு வினாவால். பிறகு உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடி நிபுணர்களிடம் கேட்டு, ஒரே விடைதான் சரி என்று முடிவாகி, திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண்காரர்கள் 17 பேராகக் குறைந்தார்கள். 23 லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு! கடைத் தராசுக்கே முத்திரை குத்த ஒரு துறை வைத்திருக்கிறோம். முன்னோட்டத்தில் சில நூறு மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் இப்படிப்பட்ட வினா மாட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. வினா கசிந்துவிடுமே என்பார்கள். அதற்கும் வழி உண்டு. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஜிட்டல் எஸ்ஏடி தேர்வில் ஒவ்வொரு தொகுதியிலும் மதிப்பெண்ணில் சேராத இரண்டு வினாக்களை உண்மையான தேர்வுக்குள்ளேயே கலந்துவிடுகிறார்கள். எது அந்த இரண்டு என்று எழுதுபவருக்குத் தெரியாது. தாளில் நடக்கும் தேர்வில் இது சிரமம்தான், ஆனால் முடியாத காரியம் இல்லை.

2018-இல் நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழை இருக்கிறது என்று காட்டுவது ஒரு வேலை. அந்தப் பிழை யாருக்கு எவ்வளவு நஷ்டம் செய்தது என்று காட்டுவது வேறு வேலை. ஒரே அளவு திறமையுள்ள இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு மட்டும் ஒரு வினா கடினமாகிறதா என்று கண்டுபிடிக்க ஹாலண்ட், தேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-லேயே ஒரு முறையைக் காட்டிவிட்டார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் ஆட்கள் நம்மிடம் மிகக் குறைவு. 49 வினாவுக்கும் மொத்தமாக முழு மதிப்பெண், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்ற இரண்டு முனைகளில் விவகாரம் முட்டிக்கொண்டது அதனால்தான் என்பது என் கருத்து.

கணிதம், புள்ளியியல், உளவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துறை பற்றி யாரும் சொல்வதில்லை. ஐயோவா, ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ், கிரீன்ஸ்பரோவில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. வெளிநாடு போகாமலும் தொடங்கலாம். கல்வி, உளவியல் சோதனைகளுக்கான தர நெறிகள் என்ற நூலின் 2014 பதிப்பு இப்போது இணையத்தில் இலவசம். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளும் இலவசம். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வைத் தமிழ்நாட்டு மாணவர்கள் 2010-இல் எழுதினார்கள். தமிழ்நாடு பட்டியலின் அடிமட்டத்தில் வந்தது. அதற்குப் பிறகு, வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்தியா விலகிக்கொண்டது. உண்மையிலேயே பொருந்தவில்லையா, எந்தெந்த வினாக்கள், எவ்வளவு? பீசா தரவை, அந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி அமைப்பு பொதுவில் வைத்திருக்கிறது. முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைபவர்கள் அதைத் திறந்து பார்க்கலாம்.

ஏற்கெனவே ஆய்வில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இளம் ஆய்வாளர் விருதுகளில் பெரும்பாலும் பட்டம் பெற்ற நாளிலிருந்து ஆண்டுக் கணக்கு ஓடும். விதிமுறைகள் மாறும், அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே பாருங்கள். யாராவது பரிந்துரைக்க வேண்டியும் இருக்கும். வழிகாட்டியிடம் போய் "சார், என்னைப் பரிந்துரைப்பீர்களா?" என்று கேட்க நம் பிள்ளைகளுக்கு அத்தனை கூச்சம், கேட்காமலேயே காலம் கடந்துவிடுகிறது. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே கேளுங்கள். உங்கள் ஆய்வு எந்தத் தேர்வில் எதைச் சரிசெய்யும் என்று அரைப் பக்கம் எழுதிக் கையோடு கொடுத்துவிடுங்கள்.