ரீபேலன்ஸ்: மறுசமநிலையா, மறுபங்கீடா?

“செயலிகளுக்கிடையே வட்டு இயக்கிகளை மறுசமநிலைப்படுத்துக.” பெரிய சேமிப்பகக் கருவிகளைப் பற்றிய தமிழாக்கங்களில் இந்த வாக்கியமோ இதன் உடன்பிறப்போ வந்து நின்றுவிடுகிறது. இதில் கடைசி ‘க’ விகுதியைத் தவிர வேறெதுவும் உருப்படியாக இல்லை. செயலி என்றால் இன்று படிப்பவருக்குத் தோன்றுவது கைப்பேசி ஆப். இயக்கி என்றால் டிரைவர் மென்பொருள். சுழலும் பொருளைக் குறிக்க வட்டு என்ற ஒரு சொல்லே போதும். செயலி இருந்த இடத்தில், களத்தில் எல்லோரும் சொல்கிற கன்ட்ரோலர் (வட்டுகளை ஆளும் கணினிப் பகுதி) இருந்துவிட்டுப் போகட்டும். உண்மையான சிக்கல், ‘ரீபேலன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போடும் மறுசமநிலையில் இருக்கிறது.

வேர் எளிது. பேலன்ஸ் லத்தீனின் ‘பிலாங்ஸ்’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘பி’ இரண்டு, ‘லாங்ஸ்’ தட்டு. ஆக, இருதட்டுத் தராசு. ‘ரீ’ என்றால் மறுபடி. நம்மிடமும் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ குறளிலேயே (118) இருக்கிறது. எனவே சமன் வடசொல் என்று சொல்லி அதைத் தள்ளும் கட்சியில் நான் இல்லை. என் புகார் வேறு: அது இங்கே தவறான பொருளைத் தருகிறது.

இரண்டு கன்ட்ரோலர்கள், 24 வட்டுகள் கொண்ட ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். நெட்ஆப் என்ற நிறுவனம் செய்யும் வகைக் கருவிகளில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. எந்தக் கன்ட்ரோலருக்குச் சொந்தம் என்பது அந்த வட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். பளுவான வேலையெல்லாம் ஒரு பக்கம் இருந்தால், மறுபக்கத்துக்குப் பெயரளவுக்குச் சில வட்டுகள் போதும்: இரண்டு வட்டுகள் பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்டு-டிபி முறையில் அதன் மூலத் தொகுதிக்கு (கன்ட்ரோலரின் சொந்த அமைப்புத் தரவு இருக்கும் வட்டுக் கூட்டம்) 3, பழுதானதற்கு மாற்றாகக் காத்திருக்கும் ஸ்பேர் 1. மீதி 20 வட்டுகளும் முதலாவதற்கு. 12-12 என்றிருந்ததை இப்படி 20-4 ஆக்குவதும் ரீபேலன்ஸ்தான். இதில் சமம் எங்கே, நிலை எங்கே? எண்ணிக்கையைச் சமமாக்கினாலும் பளு சமமாகாது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒன்று, அங்கங்கே சிதறிக் கிடக்கும் தரவைக் கேட்கும் வேண்டுகோள்களில் நொடிக்கு ஏறத்தாழ 75 முதல் 100 வரை தாங்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்று பல ஆயிரங்களைத் தாங்கும். கருவியில் 4 கன்ட்ரோலர், 8 கன்ட்ரோலர் என்று வந்துவிட்டால் இருதட்டு உவமையே உடைந்துபோகிறது.

நடப்பது பங்கிடுதல். பங்கு+இடு, ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆக, பங்கீடு. பங்கு சமமாகவும் இருக்கலாம், ஏறியிறங்கியும் இருக்கலாம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. (இணைக் கன்ட்ரோலரைப் ‘பங்காளி’ என்றே அழைக்கலாம். ஒன்று விழுந்தால் மற்றொன்று அதன் சொத்தை எடுத்துக்கொள்ளும்.)

மறுபகிர்வு என்றால் என்ன என்று கேட்பார்கள். பகிர்வு ஏற்கெனவே கை மாறிவிட்டது. சேமிப்பகத்தில் பகிர்வு என்றால் பலர் திறக்கும் ஷேர் கோப்புறை. ஒரே திரையில் இரண்டு பகிர்வு வந்தால் நிர்வாகி எதை அழுத்துவார்? தூய்மை விரும்பிகளின் ‘மீள்நிகராக்க’த்தில் நிகர் சமத்தின் அதே குறையைச் சுமக்கிறது, மீள் இன்னொரு குறையைச் சேர்க்கிறது. மீள்வது பழைய இடத்துக்குத் திரும்புவது. மறு என்பது புதிதாக ஒருமுறை. மறுபதிப்பு, மறுமதிப்பீடு எல்லாம் அப்படி அமைந்தவைதாம்.

மீள் தேவைப்படும் இடம் வேறு. ஒரு கன்ட்ரோலர் விழும்போது அதன் லன்கள் (சர்வர்களுக்குத் தனி வட்டுபோலக் காட்டப்படும் சேமிப்புப் பகுதிகள்) எல்லாம் மற்றதற்குப் போகின்றன. விழுந்தது எழுந்த பிறகும் சில கருவிகளில் அவை தாமாகத் திரும்புவதில்லை. ஒரு பக்கம் 90 விழுக்காட்டில் திணற, மறுபக்கம் சும்மா இருக்கும். லன்களை முதல் உரிமையாளரிடம் திருப்புவதற்கு ‘மீளளிப்பு’ பொருந்தும். நிரம்பிய தொகுதியில் 2 வட்டுகளை மட்டும் சேர்த்தால் புதிதாக எழுதுவதெல்லாம் அவற்றிலேயே போய்க் குவியும். அப்போது பழைய தரவை எல்லா வட்டுகளுக்கும் இழுத்துப் பரப்ப வேண்டும், அது ‘மறுபரப்பல்’. மணிக்கணக்கில் ஓடும், வேகத்தையும் தின்னும். உரிமை மாற்றத்தில் ஒரு பைட்டும் நகராது, நொடிகளில் முடியும். ஆங்கிலம் பல இடங்களில் மூன்றுக்கும் ரீபேலன்ஸ் என்றே எழுதிவிட்டுப் போகிறது. நாமும் மூன்றையும் மறுசமநிலை என்றால், நொடியில் முடிகிற வேலைக்கு ஒருவர் இரவெல்லாம் காத்திருப்பார். இன்னொருவர் மணிக்கணக்கான வேலையை உச்சநேரத்தில் தொடங்கிவைப்பார்.

பங்கீடு என்ற சொல் அடுத்த கேள்வியையும் எழுப்பும்: எதைப் பங்கிடலாம்? ஸ்பேர் வட்டுகளை மட்டும். தொகுதிக்குள் இருக்கும் வட்டைத் தனியாகப் பிடுங்க முடியாது; மாற்றவேண்டுமானால் தொகுதியையே இடம் மாற்ற வேண்டும். முதலில் இரு பக்கமும் தானியங்கி ஒதுக்கீட்டை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இங்கே விடுவித்த வட்டைப் பழைய உரிமையாளரே மறுபடி பிடித்துக்கொள்ளும். பிறகு பழைய உரிமையை நீக்கி, புதியதைக் கொடுத்து, ஒதுக்கீட்டைத் திரும்ப இயக்கலாம். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வட்டு வகைக்கும் ஒரு ஸ்பேராவது மிஞ்சியிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கத்து கன்ட்ரோலரின் ஸ்பேர் இங்கே பழுதான வட்டுக்கு உதவிக்கு வராது. வட்டுகளைச் செருகும் ஒரே அடுக்கில் இரு கன்ட்ரோலர்களின் வட்டுகளும் கலந்துவிட்டால் இன்னொரு தொல்லை. அடுக்கு முழுவதும் ஒருவருக்கே என்ற விதியில் ஓடும் தானியங்கி ஒதுக்கீடு குழம்பி, பின்னாளில் மாற்றிப்போட்ட புது வட்டு உரிமையாளர் இல்லாமலே கிடக்கும்.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் கைக்கு வருவது ஒரு அட்டவணை. அதில் ‘ரீபேலன்ஸ்’ என்ற ஒற்றைச் சொல், எந்தத் திரை, எந்தப் பொத்தான் என்ற குறிப்பே கிடையாது. ஆனாலும் எது நகர்கிறது என்று ஒரு வரி எழுதிக் கேட்கலாமே. அதற்குப் பதில் அகராதியைத் திறந்து 13 எழுத்தில் ‘மறுசமநிலைப்படுத்துதல்’ என்று போட்டுவிடுகிறார்கள். பொத்தானில் பாதிதான் தெரிகிறது. மறுபங்கீடு ஆறே எழுத்து. “கன்ட்ரோலர்களுக்கிடையே வட்டுகளை மறுபங்கீடு செய்க” என்றால் பொத்தானிலும் அடங்கும், அழுத்துகிறவருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று தெரியும்.