நம்ம கரட்டுக்கு எந்தப் பலகை?

கோபிசெட்டிபாளையத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் வந்தார்.

"ஏனுங்க வக்கீலய்யா, எங்கூருக் கரட்டை நேஷனல் பார்க் ஆக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க. இல்லாட்டி கல்குவாரிக்காரங்க வந்துருவாங்க."

கரடு என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பாறைக் குன்று. ஆடு எங்கே மேய்கிறது என்று கேட்டேன். "அங்கதானுங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டால், அந்த நிலத்தில் ஊராருக்கு இருக்கும் உரிமைகள் அரசிடம் போய்விடும். கால்நடை உள்ளே நுழையக்கூடாது. 1989ல் தேசியப் பூங்காவான ஆனைமலையில் 117 சதுர கிலோமீட்டர் சோலையும் புல்வெளியும் இருக்கின்றன. புலியும் வரையாடும் வாழும் அந்தக் காட்டுக்கு அந்தக் கட்டுக்காவல் வேண்டும், அதை ஒரு ஊராட்சி காக்க முடியாது. ஆனால் பர்கூர் மலையைப் பாருங்கள். 2024ல் அங்கே தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் வந்தபோது, பர்கூர் மாடு வளர்ப்பவர்கள் பயந்தது மேய்ச்சலை நினைத்துத்தான். அந்த மாடு அந்தக் காட்டை நம்பியே வளர்ந்த இனம். அவர்கள் பயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, ஊரை ஒட்டிய சின்னக் கரட்டுக்கு என்ன வழி? 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு. உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்' என்று அறிவிக்கலாம். ஊரார் தாங்களே முடிவு செய்தாலொழிய, அவர்களின் வழக்கமான புழக்கத்தை அது தடுப்பதில்லை. எங்கள் பக்கத்து எலத்தூர் நாகமலைக் குன்று, சுமார் 32 ஹெக்டேர்தான், 2025ல் இப்படி அறிவிக்கப்பட்டது.

ஆனால் மனு எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில், அதாவது எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் கணக்கில், அந்தச் சர்வே எண்ணைப் பாருங்கள். காப்புக்காடு என்றிருந்தால் பேச வேண்டிய இடம் வனத்துறை. மேய்ச்சல் புறம்போக்கு என்றால் ஓரளவு நிம்மதி. பாறை, கல்லாங்குத்து என்றிருந்தால் தாமதிக்காதீர்கள். அந்த வகை நிலத்தில்தான் குவாரிக் குத்தகைக்குக் கண் விழும். குவாரிக்குக் குத்தகை போய்விட்ட பிறகுதான் ஒரு ஊர்க்காரர்கள் என்னிடம் வந்தார்கள். அவர்கள் முப்பது வருடமாகப் பொங்கல் வைத்த பாறையில் குவாரிக்காரர்கள் அப்போதே வெடிக்குழி போட்டிருந்தார்கள். அந்த வழக்கை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு பெயரளவில் இருக்கிறதா, கூடுகிறதா என்று விசாரியுங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அந்தக் கரட்டின் பறவை, மூலிகை, சுனை எல்லாம் ஏறட்டும். ஆடு மேய்ப்பவர்களைக் கூப்பிட்டு எழுதினால் பாதி வேலை முடிந்தது, அவர்களுக்குத் தெரியாத செடி இல்லை. பிறகு கிராம சபைத் தீர்மானம்.

பெரியவர் அடுத்த வாரமே 'அ' பதிவேட்டு நகலோடு வந்தார். கல்லாங்குத்து. தீர்மானத்தை இப்போது இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் வரியிலேயே மேய்ச்சல் தொடரும் என்று போடச் சொன்னார், போட்டிருக்கிறேன்.