அட்டவணையைத் திருப்பினால் கிராஃபும் ஏன் திரும்புகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "மாதவாரிக் கணக்கு ஒரு அரேயில் இருக்கிறது. கடைசி மாதம் மேலே வரட்டும் என்று அட்டவணைக்காக அதை ரிவர்ஸ் செய்தேன். அதே அரேயை வைத்து வரைந்த கிராஃபும் தலைகீழாகிவிட்டது. ஏன்?"

அரே என்பது மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் பட்டியல். ஜாவாஸ்கிரிப்டின் ரிவர்ஸ் புதிய அரே எதையும் உண்டாக்குவதில்லை, இருக்கிற அரேயையே திருப்பிவிடுகிறது. அந்தத் திருப்புதல் நடக்கும் விதம் அழகானது. 10, 20, 30, 40, 50 என்று ஐந்து எண்கள் இருக்கட்டும். முதலில் இரு முனைகளும் இடம் மாறும்: 50, 20, 30, 40, 10. அடுத்து ஒரு படி உள்ளே வந்து 20-உம் 40-உம் மாறும்: 50, 40, 30, 20, 10. நடுவிலுள்ள 30-ஐத் தொடவே வேண்டாம். வேலை முடிந்தது! பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் ஐந்து லட்சம் மாற்றல்கள் போதும். இன்னொரு அரேக்கான நினைவகமும் தேவையில்லை. இவ்வளவு சிக்கனமான அல்காரிதம் வேறு எத்தனை இருக்கும்?

சரி, கிராஃப் ஏன் கெட்டது? வேரியபிளுக்குள் அரே இருப்பதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற ரெஃபரன்ஸ்தான் இருக்கிறது. ரிவர்ஸ் திருப்பித் தருவதும் அதே ரெஃபரன்ஸைத்தான். அதைப் புதுப் பெயரில் வாங்கி வைத்தாலும் பெயர்தான் இரண்டு, அரே ஒன்றே. இணையப் பக்கத் திரைகளை உருவாக்கும் லைப்ரரியான ரியாக்டில் இதே காரணம் நேரெதிரான வடிவில் தொல்லை தரும். ஸ்டேட்டில் (திரையில் காட்டுவதற்காக ரியாக்ட் நினைவில் வைத்திருக்கும் தகவலில்) உள்ள அரேயை ரிவர்ஸ் செய்து அப்படியே திரும்பக் கொடுத்தால், ரியாக்ட் பழைய ரெஃபரன்ஸையும் புதிய ரெஃபரன்ஸையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று திரையை வரையாமலே விட்டுவிடும். தகவல் மாறியிருக்கும், திரை மாறியிருக்காது.

தீர்வு எளிது. முதலில் ஸ்லைஸ் கொண்டோ மூன்று புள்ளி ஸ்ப்ரெட் கொண்டோ நகல் எடுத்து, அப்புறம் அந்த நகலை ரிவர்ஸ் செய்யலாம். ஜாவாஸ்கிரிப்டுக்கான தரநிலையான எக்மாஸ்கிரிப்டின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில் டூரிவர்ஸ்டு என்ற மெத்தடே வந்துவிட்டது. மூலத்தைத் தொடாமல் திருப்பிய புதிய அரேயை அது தரும். குரோம் 110, ஃபயர்ஃபாக்ஸ் 115, சஃபாரி 16, நோட் 20 முதல் இது வேலை செய்கிறது. வரிசைப்படுத்தும் ஸார்ட்டுக்கும் இதே சிக்கல் உண்டு, அதற்கு டூஸார்ட்டடு இருக்கிறது.

அதற்காகப் பார்க்கிற இடமெல்லாம் நகல் எடுப்பதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். வேண்டியதை மட்டும் பொறுக்கும் ஃபில்டரோ, ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் மேப்போ அப்போதுதான் உண்டாக்கித் தந்த அரேயை வேறு யாரும் கையில் வைத்திருக்கவில்லை என்றால், அதைத் தயங்காமல் ரிவர்ஸ் செய்யலாம்.

இந்த நகல்கள் எல்லாமே மேலோட்டமானவை என்பதையும் கவனியுங்கள். அரேக்குள் ஆப்ஜெக்டுகள் இருந்தால் வரிசைதான் புதிது, ஆப்ஜெக்டுகள் பழையவையே. திருப்பிய அரேயில் ஒரு மாதத்தின் தொகையைத் திருத்தினால் மூலத்திலும் அது மாறிவிடும். உள்ளே இருப்பவையும் தனியாக வேண்டுமென்றால் முதலில் ஸ்ட்ரக்சர்டுகுளோன் கொண்டு முழு நகல் எடுத்துவிட்டுத் திருப்புங்கள்.